கைப்பேசியிடம் கேட்ட கேள்வி

2022 ஆகஸ்ட் 25. தலைமை நீதிபதி என்.வி. ரமணா ஓய்வு பெற ஒரே நாள் மீதி. பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றி விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவின் அறிக்கையிலிருந்து சில பகுதிகள் அன்று நீதிமன்றத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டன. பிறகு அறிக்கை மறுபடி முத்திரையிட்ட உறைக்குள் போனது. சோதனைக்கு வந்த கைப்பேசிகள் 29. ஐந்தில் ஏதோ தீய மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதி சொல்ல இயலவில்லை. ஒன்றிய அரசு குழுவோடு ஒத்துழைக்கவில்லை. பொதுமக்களுக்குக் கிடைத்தது இவ்வளவே. ஆளுங்கட்சி முதல் பாதியைத் தூக்கிக்கொண்டு ஓடியது, எதிர்க்கட்சிகள் இரண்டாம் பாதியை. இரண்டு தரப்புமே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டன.

எனக்கு உறுத்துவது வேறு. எந்த அதிகாரியையும் வரவழைத்துப் பிரமாணம் வாங்கும் அதிகாரம் படைத்த நீதிமன்றம் அது. அரசு இந்த மென்பொருளை வாங்கியதா, எந்தச் சட்டத்தின்கீழ் யார் மீது ஏவியது என்ற கேள்விக்கு விடை தேடி அது ஏன் 29 கைப்பேசிகளின் நினைவகத்துக்குள் போனது? பெகாசஸ் விவகாரத்தில் அரசைத் திட்டுவது எளிது, நிறையப் பேர் செய்துவிட்டார்கள். நீதிமன்றத்தை எடைபோட்டவர்கள் குறைவு.

முதலில் நம் தரப்பைச் சோதித்துவிடலாம். நம் தரப்பு என்று நான் சொல்வது கண்காணிப்பை எதிர்ப்பவர்களை. என் சாய்வை மறைப்பதில் பயனில்லை.

2021 ஜூலை 18 அன்று உலகெங்கும் 17 ஊடகங்கள் சேர்ந்து ஒரு செய்தியை வெளியிட்டன. பெகாசஸைத் தயாரித்த, இஸ்ரேலைச் சேர்ந்த என்எஸ்ஓ நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் குறிவைத்ததாகக் கருதப்படும் 50,000 தொலைபேசி எண்கள் கொண்ட பட்டியல் பிரான்சின் ‘ஃபர்பிடன் ஸ்டோரீஸ்’ அமைப்பிடமும் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலிடமும் கிடைத்திருந்தது. சரிபார்க்கப்பட்ட இந்திய எண்கள் ஏறத்தாழ 300. ராகுல் காந்தி முதல் பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், செயற்பாட்டாளர்கள் வரை அதில் இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து மே பதினேழு இயக்கத்தின் திருமுருகன் காந்தியின் எண்ணும் இருந்ததாகச் செய்தி வந்தது. அதற்கு மறுநாள் மக்களவையில் எழுந்து எல்லாவற்றையும் மறுத்த தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவின் எண்ணும் அதே பட்டியலில்தான் இருந்தது. இப்படியொரு காட்சியைக் கற்பனையில் எழுதியிருந்தால் மிகை என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

ஆனால் பட்டியலில் ஓர் எண் இருப்பது ஊடுருவலுக்கான சான்று ஆகாது. எண்ணைக் குறித்து வைப்பது ஒன்று, முயல்வது ஒன்று, உள்ளே நுழைவது இன்னொன்று. செய்தியை வெளியிட்டவர்களே இதைத் தெளிவாகச் சொன்னார்கள். ஆம்னெஸ்டியின் ஆய்வகம் அப்போது சோதித்தது 67 கைப்பேசிகளை. அவற்றில் 23-இல் ஊடுருவல் நடந்திருந்தது, 14-இல் முயற்சியின் தடயம் இருந்தது, மீதி 30-இல் எதையும் தீர்மானிக்க முடியவில்லை. மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் இந்த வேறுபாடு காணாமல் போனது. ‘300 பேரின் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது’ என்றே பேச்சு ஓடியது. அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கு இதைவிட வசதியான எதிர்வாதம் கிடைக்காது. பிறகு உச்ச நீதிமன்றக் குழு கைப்பேசிகளைக் கேட்டபோது, கொண்டுவந்து கொடுத்தவர்களின் எண்ணிக்கை 29-ஐத் தாண்டவில்லை. தன் அந்தரங்கம் முழுவதையும் முன்பின் தெரியாத ஒரு குழுவிடம் ஒப்படைக்கத் தயங்குவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனாலும் அந்தத் தயக்கம் வழக்கின் வலுவைக் குறைத்தது.

அடுத்து அரசின் வாதம். அதை ஏளனமாக ஒதுக்கிவிடக் கூடாது. சொலிசிட்டர் ஜெனரல் துஷார் மேத்தா நீதிமன்றத்தில் சொன்னதன் சாரம் இது: எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறோம், எதைப் பயன்படுத்தவில்லை என்று பிரமாணப் பத்திரத்தில் சொன்னால் பயங்கரவாதிகள் அதற்கேற்பத் தங்கள் கருவிகளை மாற்றிக்கொள்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஓர் உளவுக் கருவியின் பலம் அது இருப்பது தெரியாமல் இருப்பதில்தான். பெகாசஸின் தனித்தன்மையே, இணைப்பைச் சொடுக்கவோ அழைப்பை எடுக்கவோ தேவையில்லாமல் சாதனத்துக்குள் நுழைவது. எந்தப் பழுது வழியாக நுழைகிறது என்று தெரிந்ததும் ஆப்பிளோ கூகுளோ அதை அடைத்துவிடும். பல கோடி கொடுத்து வாங்கிய ஆயுதம் ஒரே வாரத்தில் பழைய இரும்பு.

ஆகவே ‘ஆமாம் என்றும் சொல்ல மாட்டோம், இல்லை என்றும் சொல்ல மாட்டோம்’ என்ற நிலைப்பாடு ஒரு தர்க்கம் உள்ள நிலைப்பாடுதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எப்போதும், எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். வசதியான இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டு வசதியற்ற இடத்தில் வாயை மூடிக்கொண்டால் அந்த மௌனமே பதிலாகிவிடும். 2021 ஆகஸ்ட் 9 அன்று பாதுகாப்பு அமைச்சகம் மாநிலங்களவையில் எழுத்துப்பூர்வமாக ஒரு பதில் தந்தது: என்எஸ்ஓ நிறுவனத்தோடு தங்களுக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. எல்லையைக் காக்கும் அமைச்சகமே இதைச் சொல்லிவிட்டது. நாட்டின் பாதுகாப்பு அன்று இடிந்து விழவில்லை. பிறகு உள்துறை அமைச்சகமும் பிரதமருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட உளவு அமைப்புகளும் அதே ஒற்றை வரியைச் சொன்னால் மட்டும் எப்படி இடிந்து விழும்? இந்தக் கேள்விக்கு அரசிடமிருந்து இன்றுவரை நான் விடை கண்டதில்லை. இந்தப் பதிலோடு பாதுகாப்பு வாதத்தின் பாதிப் பலம் போய்விட்டது என்பது என் கணிப்பு.

மீதிப் பாதியும் நிற்குமா என்பது எதை ரகசியம் என்கிறோம் என்பதைப் பொறுத்தது. எந்தப் பழுது வழியாக நுழைகிறோம், இப்போது யாரைக் கண்காணிக்கிறோம் என்பவை ரகசியமாக இருக்கலாம், இருந்தாக வேண்டும். எந்தச் சட்டப் பிரிவு இதை அனுமதிக்கிறது, யார் கையெழுத்திடுகிறார், ஆண்டுக்கு எத்தனை ஆணைகள் என்பவை எந்தப் பயங்கரவாதிக்கும் உதவாதவை. முதல் வகையைக் காட்டி இரண்டாம் வகையையும் சேர்த்து மூடியதுதான் அரசு செய்த காரியம். ‘அனுமதியற்ற கண்காணிப்பு எதுவும் நடக்கவில்லை’ என்று 2019-இலும் 2021-இலும் நாடாளுமன்றத்தில் அமைச்சர்கள் சொன்ன பதிலும் இதே உத்திதான். அனுமதி என்றால் என்ன, யார் தந்தது என்பதல்லவா கேள்வியே.

இங்கே நீதிமன்றம் வருகிறது. 2021 அக்டோபர் 27 அன்று ரமணா, சூர்ய காந்த், ஹிமா கோலி ஆகியோர் அடங்கிய அமர்வு தந்த ஆணையை அப்போது பலர் கொண்டாடினார்கள். தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்ததும் நீதிமன்றம் வாயடைத்து நிற்காது என்று அது சொன்னது. அரசே ஒரு குழுவை அமைத்துக்கொள்ளும் யோசனையை, குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணை நடத்துவதாகிவிடும் என்ற காரணத்தால் மறுத்தது. அரசின் சுருக்கமான பிரமாணப் பத்திரத்தில் திட்டவட்டமான மறுப்பு இல்லாததால், மனுதாரர்களின் புகாருக்கு முகாந்திரம் உண்டு என்று ஏற்பதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னது. ஆர்வெல்லின் வரியோடு தொடங்கும் ஆணை அது. ஆர்வெல்லை மேற்கோள் காட்டும் தீர்ப்புகளைக் கண்டால் எனக்குச் சற்று எச்சரிக்கை தோன்றும். இலக்கியம் கூடும் இடத்தில் உத்தரவு மெலிந்திருக்கும் என்பது என் அனுபவம்.

இங்கும் அதுவே நடந்தது. இவ்வளவையும் சொன்ன அமர்வு, அடுத்த படியாக என்ன செய்திருக்க வேண்டும்? விரிவான பிரமாணப் பத்திரத்தை உத்தரவாகவே கேட்டிருக்கலாம். ரகசியமான பகுதியை நீதிபதிகள் மட்டும் பார்த்து, மற்றதை மனுதாரர்களுக்குத் தரச் சொல்லியிருக்கலாம். தன் கைவசமுள்ள ஆதாரத்தை ஒருவர் மறைத்தால், அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் அனுமானிக்க இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவு இடம் தந்தது. அதைக் கையாண்டிருக்கலாம். மாறாக, மூன்று தொழில்நுட்ப வல்லுநர்களைக் கொண்ட குழு ஒன்றை அமைத்து, மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஆர்.வி. ரவீந்திரனை நியமித்தது. காந்திநகர் தடய அறிவியல் பல்கலைக்கழகம், கேரளத்தின் அம்ரிதா, மும்பை ஐஐடி ஆகியவற்றிலிருந்து வந்தவர்கள். அவர்களின் தகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நியாயமாகச் சொன்னால், குழுவுக்கு விதித்த வினாக்களில் அரசோ அதன் அமைப்புகளோ பெகாசஸை வாங்கினவா, எந்தச் சட்டத்தின்கீழ் என்பவையும் இருந்தன. கேள்வி ஆணையில் இருந்தது. கேட்கும் ஆள்தான் மாறிப்போனார். உச்ச நீதிமன்றத்துக்கே பதில் தர மறுத்த அரசு, அது அமைத்த மூன்று பேராசிரியர்களுக்குப் பதில் தரும் என்று எதிர்பார்த்தது எந்தக் கணக்கில் என்று புரியவில்லை. அரசு மறுத்தது. குழு அதைக் குறித்துக்கொண்டது. நீதிமன்றம் அதை வாசித்துச் சொன்னது. அவமதிப்பு நோட்டீஸ் இல்லை, செயலரை வரச்சொல்லிச் சம்மன் இல்லை. ஊரில் யாரிடமோ மாற்றுச் சாவிக்கொத்து இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். வீட்டுக்காரர்களிடம் பூட்டைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்வார்களா?

அந்தப் பூட்டுகளும் எதையும் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. பெகாசஸ் போன்றவை தம் தடயத்தைத் தாமே அழிக்கும்படி எழுதப்பட்டவை. சாதனத்தை மறுதொடக்கம் செய்தாலே பல சமயம் நினைவிலிருந்து போய்விடும். ஐபோனில் சில பதிவேடுகள் மாதக்கணக்கில் தங்குவதால் ஆம்னெஸ்டியால் அங்கே தடயம் எடுக்க முடிந்தது. ஆண்ட்ராய்டில் அவ்வளவு பதிவு தங்காது என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் வைத்திருப்பது ஆண்ட்ராய்டு. குறிவைக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட காலத்துக்கும் குழு சோதித்த நாளுக்கும் இடையே ஆண்டுகள் ஓடிவிட்டன. கைப்பேசியை மாற்றாதவர் யார்? ஆக, ‘பெகாசஸ் உறுதியாகவில்லை’ என்ற முடிவு பெகாசஸ் இல்லை என்பதற்குச் சான்றல்ல. இருந்தது என்பதற்கும் சான்றல்ல. விடை தர முடியாத சாட்சியைத் தேர்ந்தெடுத்து விசாரித்ததற்கான சான்று அது. கோப்பு அழிவதில்லை. கொள்முதலுக்குப் பட்டியல் உண்டு, ஆணைக்குக் கையெழுத்து உண்டு, கட்டணத்துக்குக் கணக்குத் தலைப்பு உண்டு. விடை டெல்லியில் ஏதோ ஓர் அலமாரியில் இருந்தது.

நீதிமன்றத்துக்கு வேறு வழியில்லை, பாதுகாப்பு விஷயத்தில் நீதிபதிகளுக்கு நிபுணத்துவம் கிடையாது என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தை இந்திய நீதிமன்றங்களே பலமுறை தோற்கடித்திருக்கின்றன. பிரதமர் இந்திரா காந்தியின் சுற்றுப்பயணப் பாதுகாப்பு பற்றிய ‘நீலப் புத்தகம்’ என்ற ஆவணத்தை ராஜ் நாராயண் கேட்டபோது, தருவதா கூடாதா என்பதை ஆவணத்தைப் பார்த்து நீதிமன்றமே தீர்மானிக்கலாம் என்றது 1975-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. பிரதமரின் உயிர் சம்பந்தப்பட்ட காகிதம் அது. ரஃபேல் வழக்கில், சென்னையின் ‘தி இந்து’ நாளிதழில் என். ராம் வெளியிட்ட பாதுகாப்பு அமைச்சக ஆவணங்களைத் திருட்டு ஆவணங்கள், ரகசியக் காப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று அரசு சொன்னது. 2019 ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்து, ஆவணங்களைக் கருத்தில் கொள்ளலாம் என்றார்கள். மறுஆய்வு மனுக்கள் பின்னர் தள்ளுபடியானது தனிக்கதை. பெகாசஸ் வழக்கின் மனுதாரர்களில் ஒருவர் அதே என். ராம்.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது மீடியா ஒன் தீர்ப்பு. கேரளத்தின் அந்தத் தொலைக்காட்சிக்குப் பாதுகாப்பு அனுமதி மறுக்கப்பட்டது. காரணம் முத்திரையிட்ட உறையில் நீதிபதிக்குத் தரப்பட்டது, நிறுவனத்துக்குச் சொல்லப்படவில்லை. 2023 ஏப்ரல் 5 அன்று டி.ஒய். சந்திரசூட்டும் ஹிமா கோலியும் அடங்கிய அமர்வு இந்த முறையைக் கிழித்துப்போட்டது. பாதுகாப்பு என்ற காரணத்தைக் காற்றிலிருந்து பிடித்துவரக் கூடாது, ஆதாரம் காட்ட வேண்டும். ரகசியம் காக்க வேண்டுமென்றால் முழு ஆவணத்தையும் உறையிலிடாமல் தேவையான வரிகளை மட்டும் மறைக்கலாம். நடுநிலையான வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி அவரிடம் காட்டலாம். எதிர்த்தரப்பு பார்க்காத காகிதத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவது இயற்கை நீதிக்கு முரண். இதை எழுதிய அமர்வில் இருந்த ஹிமா கோலி, பெகாசஸ் அமர்விலும் இருந்தவர். 2023-இல் இந்த அறிவு இருந்த நீதிமன்றத்தில்தான் பெகாசஸ் அறிக்கை உறைக்குள்ளேயே கிடந்தது.

இனி, சட்டமாவது சரியாக இருக்கிறதா? 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு ஒட்டுக்கேட்புக்கு ஒரு வாசற்படி வைத்தது: பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவில் அந்தப் படியும் இல்லை. எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்காகவும் கண்காணிக்கலாம். வெள்ளைக்காரன் வைத்த படியை நாம் எடுத்துவிட்டோம். ஆணையிடுபவர் உள்துறைச் செயலர். அதைச் சரிபார்ப்பது அமைச்சரவைச் செயலர் தலைமையில் வேறு இரண்டு செயலர்கள் கொண்ட மறுஆய்வுக் குழு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் அந்தக் குழுவின் முன் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகள் வருவதாக 2018-இல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு எழுதியது. நாள் முழுக்க எட்டு மணி நேரம் தேநீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு விநாடி கிடைக்காது. இதற்குப் பெயர் கட்டுப்பாட்டு ஏற்பாடு. 2023-ஆம் ஆண்டுப் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த அதன் விதிகளும் அதே செயலர்கள் குழுவை அப்படியே வைத்துக்கொண்டன.

நீதிபதி எங்கும் இல்லை. 1996 டிசம்பரில் பியூசிஎல் ஒட்டுக்கேட்பு வழக்கில் உச்ச நீதிமன்றமே, முன்கூட்டிய நீதித்துறை அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்காமல் அதிகாரிகள் குழுவோடு நிறுத்திக்கொண்டது. லேண்ட்லைன் காலத்துத் தீர்ப்பு அது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2018 ஆதார் தீர்ப்பு, தேசப் பாதுகாப்புக்காக ஆதார் தகவலைத் தருவதானால் மூத்த அதிகாரியோடு ஒரு நீதித்துறை அதிகாரியும், முடிந்தால் பணியிலிருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி, சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லி, அதிகாரியை மட்டும் நம்பிய பிரிவை ரத்து செய்தது. விரல்ரேகைப் பதிவேட்டைத் திறக்க நீதிபதி வேண்டும். படுக்கையறை மேசையில் கிடக்கும் கைப்பேசியின் ஒலிவாங்கியைத் திறக்க உள்துறைச் செயலர் போதும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒட்டுக்கேட்பு என்பது ஓடிக்கொண்டிருக்கும் செய்தியைப் பிடிப்பது. பெகாசஸ் வகை மென்பொருள் சாதனத்தையே கைப்பற்றுகிறது. எடுக்க முடிகிற இடத்தில் வைக்கவும் முடியும். பீமா கோரேகான் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ரோனா வில்சனின் மடிக்கணினியில் வேறொரு தீய மென்பொருள் மூலம் கோப்புகள் புகுத்தப்பட்டதாக, அவர் தரப்பு அணுகிய அமெரிக்க நிறுவனமான ஆர்சனல் 2021-இல் அறிக்கை தந்தது. யார் புகுத்தினார்கள் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. ஆனாலும் அப்படி நடக்கலாம் என்ற சாத்தியமே போதும். 69-ஆவது பிரிவின் விதிகள் ‘எந்த வழியிலும்’ செய்தியைப் பெறலாம் என்று விரிவாக எழுதப்பட்டவை, அரசு அதைக் காட்டலாம். அடுத்தவர் கணினியில் தீய நிரலைப் புகுத்துவதை 43, 66 பிரிவுகள் குற்றம் என்கின்றன. அதற்கு அரசுக்கு வெளிப்படையான விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. எந்த வாசிப்பு சரி என்று தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். தொழில்நுட்பக் குழுவால் முடியாத வேலை இது. நான்கு ஆண்டு வாய்தாக்களுக்கு இடையே இந்தக் கேள்வி தொடப்படவே இல்லை.

தொட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் லஞ்சப் புகார் ஒன்றில் 2011-இல் உள்துறை அமைச்சகம் போட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். லஞ்ச வழக்கு பொது அவசரநிலையும் அல்ல, பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையும் அல்ல. இவ்விரண்டும் சாதாரண மனிதனின் கண்ணுக்கே புலப்பட வேண்டியவை. ரகசியமாக இருக்கும் அவசரநிலை என்று ஒன்று கிடையாது. பதிவான உரையாடல்கள் விதிப்படி மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. இதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரும் ஒப்பந்தத்தில் நடக்கும் ஊழல் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கலாம் என்று எதிர்த் திசையில் தீர்ப்பு தந்திருந்தது. எது சரி என்பதில் எனக்குச் சென்னைதான் சரியாகப் படுகிறது. ஆனால் இங்கே அது முக்கியமல்ல. இரண்டு நீதிமன்றங்களாலும் வாதிட, முரண்பட, எழுத முடிந்ததற்குக் காரணம் ஆணை என்ற காகிதம் மேசையில் இருந்ததுதான். பெகாசஸ் பட்டியலில் இருந்தவர்களிடம் எதிர்த்து வழக்காட ஓர் ஆணை எண்கூட இல்லை.

2025 ஏப்ரல் 29 அன்று வழக்கு மீண்டும் வந்தபோது நீதிபதிகள் சூர்ய காந்தும் கோட்டீஸ்வர் சிங்கும் சொன்னவை பரவலாகப் பேசப்பட்டன. நாட்டிடம் உளவு மென்பொருள் இருந்தால் என்ன தவறு, யார் மீது பயன்படுத்தப்பட்டது என்பதே கேள்வி என்றார்கள். பாதுகாப்பைத் தொடும் அறிக்கையைத் தெருவில் விவாதிக்கத் தர முடியாது. தன் பெயர் இருக்கிறதா என்று கேட்கும் தனிநபருக்குச் சொல்லலாம் என்றார்கள். முதல் கருத்தில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவதிலும் ஒரு நல்ல விதை இருக்கிறது: கண்காணிப்பு முடிந்தபின் கண்காணிக்கப்பட்டவருக்கு அறிவிப்பது ஜெர்மனியில் சட்டமாகவே உண்டு. ஆனால் இந்த அறிக்கையைக் கேட்டு வாங்கும் தனிநபருக்கு அதிகபட்சம் தெரியக்கூடியது தன் கைப்பேசியில் ஏதோ இருந்தது என்பதே. யார் அனுப்பியது என்று அறிக்கைக்கே தெரியாது, ஏனெனில் தெரிந்தவர் பேசவில்லை. அதோடு, அரசின் அதிகார எல்லை பற்றிய கேள்வியைத் தனித்தனி ஆட்களின் மனக்குறையாக இது உடைத்துவிடுகிறது.

‘மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயம் எதற்கு’ என்பாரை நீண்ட நேரம் எடைபோடத் தேவையில்லை. அவர் தன் திறவு எண்ணை யாரிடமும் தருவதில்லை.

வெளியே நடந்ததையும் பார்க்கலாம். போலந்தில் ஆட்சி மாறியபின் 2024 ஏப்ரலில் அரசே ஒரு கணக்கை வெளியிட்டது: 2017 முதல் 2022 வரை பெகாசஸால் குறிவைக்கப்பட்டவர்கள் 578 பேர். ரஷ்யப் போரின் வாசலில் இருக்கும் நாடு அது. ஸ்பெயினில் உளவுத் துறைத் தலைவர் பாஸ் எஸ்தபான், நாடாளுமன்றத்தின் ரகசியக் குழு முன் 18 கட்டலோனியர்களை நீதிமன்ற அனுமதியோடு கண்காணித்ததை ஒப்புக்கொண்டார். சில நாட்களில் பதவியையும் இழந்தார். கலிபோர்னியாவில் வாட்ஸ்அப் தொடுத்த வழக்கில் 2024 டிசம்பரில் என்எஸ்ஓ பொறுப்பாளி என்று தீர்ப்பானது. 2019-இல் குறிவைக்கப்பட்ட 1,223 பேரில் 100 பேர் இந்தியாவைச் சேர்ந்தவர்கள் என்ற விவரம் அந்த வழக்கின் ஆவணத்தில் வெளிவந்தது. அந்த நூறையும் இந்திய அரசுதான் குறிவைத்தது என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. இந்தியக் குடிமக்களைப் பற்றிய இந்த எண்ணிக்கை கலிபோர்னியாவில் பொது ஆவணம், டெல்லியில் குழுவின் அறிக்கை உறைக்குள்.

மேற்கைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. கண்காணிப்பு ஆணைக்கு நீதித்துறை ஆணையரின் இரண்டாம் கையெழுத்தைக் கட்டாயமாக்கி, ஆண்டுதோறும் எண்ணிக்கை வெளியிடும் பிரிட்டன்தான், ஆப்பிளுக்கு ரகசிய ஆணை அனுப்பி, 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனம் தன் உயர்நிலைக் குறியாக்கப் பாதுகாப்பையே அந்நாட்டில் நிறுத்திக்கொள்ளும் நிலைக்குத் தள்ளியது. ஆனால் அங்கே, வழக்கு நடப்பதையே மறைக்க வேண்டும் என்று அரசு கேட்டபோது தீர்ப்பாயம் மறுத்துவிட்டது.

என் முடிவு இது. மனுதாரர் தரப்பு சான்றை மிகைப்படுத்தியது. ஆனால் விளக்கம் கேட்கப் போதுமான முகாந்திரம் அவர்களிடம் இருந்தது, நீதிமன்றமும் அதை ஏற்றது. அரசின் ரகசிய வாதம் கருவியளவில் செல்லும், அதிகாரத்தளவில் செல்லாது. பாதுகாப்பு அமைச்சகத்தின் பதிலுக்குப் பிறகு கருவியளவிலும் பாதிதான் செல்லும். மூவரில் கூடுதல் குறை நீதிமன்றத்தின் மேல்தான். அரசு தன்னைக் காத்துக்கொள்ளும், மனுதாரர் உரக்கப் பேசுவார், அவரவர் இயல்பு அது. பிரமாணம் வாங்க முடிந்த ஒரே இடம் வாங்காமல் விட்டது. 2021 ஆணையின் கொள்கை வரிகளை இனிவரும் வழக்கறிஞர்கள் நெடுங்காலம் மேற்கோள் காட்டுவார்கள். காட்டும்போதெல்லாம் எதிர்த்தரப்பு எழுந்து, அந்த வழக்கில் அதனால் என்ன நடந்தது என்று கேட்கும்.

இன்னமும் செய்யக் கூடியது உண்டு. அறிக்கையின் மூன்றாம் பகுதி நீதிபதி ரவீந்திரன் எழுதியது. கண்காணிப்புச் சட்டத்தை எப்படித் திருத்துவது, குடிமகன் எங்கே முறையிடுவது என்ற பரிந்துரைகள் கொண்டது. அதை நீதிமன்ற இணையதளத்தில் வெளியிடுவதாக 2022-இல் திறந்த நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2025 ஏப்ரல் விசாரணை வரை அது வெளிவரவில்லை. சட்டத் திருத்தப் பரிந்துரையில் எந்தப் பயங்கரவாதிக்கு என்ன துப்பு கிடைக்கும் என்று யாரும் விளக்கியதும் இல்லை. அந்தப் பகுதியை வெளியிட அரசின் ஒத்துழைப்பு தேவையில்லை.